கருப்புத் திரை அப்புறம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதில் ஓடும் பழைய மடிக்கணினியைக் காயலான் கடையில் போடுமுன் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாம். காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்கள் போல ஆர்வலர்கள் ஒன்றுகூடிச் சொல்லித்தருவது நல்ல வழக்கம். ஆனால் சில பட்டறைகளில் எடுத்த எடுப்பிலேயே கருப்புத் திரையைத் திறந்து கட்டளைகளைத் தட்டுகிறார்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மனின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். வந்தவருக்கு வேண்டியது பிரின்டர் ஓடுவதும், வைஃபை கிடைப்பதும், தமிழில் தட்டச்சு செய்வதும். பென்டிரைவிலிருந்தே உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஓட்டிக் காட்டுங்கள். நிறுவாதவரை வன்தட்டில் இருப்பது அப்படியே இருக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். வந்தவரே செய்து பழக வேண்டும்; சொல்லித்தருபவர் மௌஸைத் தொடவே கூடாது. (விஷயம் தெரிந்தவர் கை சும்மா இருக்காது, அது வேறு.) மறுவாரம் ஏதாவது மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அன்றே சொல்லி அனுப்ப வேண்டும்.