உடையாத பானையின் ஓடுகள்

4, 7, 10, 16, ?, 52, 100. விடுபட்ட எண் எது? போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அரை நிமிடத்தில் 28 என்று சொல்லிவிடுவார்கள். 4உடன் 3, 6, 12 என்று இரட்டித்து இரட்டித்துக் கூட்டினால் 28 தானாக வந்து நிற்கும். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தை 10 என்று வைத்துக்கொண்டால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி எல்லாம் ஏறக்குறைய இந்தத் தூரங்களில்தான் இருக்கின்றன. 28இல் மட்டும் ஆளில்லை. தொலைந்த கோள் என்ற கதை அந்தக் கேள்விக்குறியில் பிறந்தது.

1766இல் டிட்டியஸ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர், ஷார்ல் பொன்னேயின் பிரெஞ்சு நூலை மொழிபெயர்க்கும்போது, மூலத்தில் இல்லாத இந்தக் கணக்கைத் தன் பங்குக்குச் செருகிவைத்தார். (மொழிபெயர்ப்பாளர் கைவைத்ததால் ஊருக்கு நன்மை விளைந்த அபூர்வமான இடம் இது.) 1772இல் போடே அதைப் பிரபலப்படுத்தினார். 1781இல் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். கணக்குப்படி 196, கோள் இருந்ததோ 192இல். இவ்வளவு பொருந்திய பிறகு 28ஐத் தேடாமல் இருக்க முடியுமா? 1801 ஜனவரி 1, நூற்றாண்டின் முதல் இரவில், சிசிலித் தீவின் பலெர்மோவில் பியாஸி ஒரு புள்ளியைக் கண்டார். அதுதான் சீரிஸ். தூரம் 27.7.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே பிரேமன் நகரத்து மருத்துவர் ஓல்பர்ஸ் குழப்பிவிட்டார். பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவில் தன் வீட்டு மாடியில் தொலைநோக்கியோடு உட்காருகிறவர். 1802 மார்ச்சில், ஏறக்குறைய அதே தூரத்தில் பல்லாஸ் என்ற இன்னொரு புள்ளியைப் பிடித்தார். ஒரு கோளுக்கான இடத்தில் இரண்டு பேர், இரண்டும் பொடியர்கள். அப்படியானால் இவை பெரிய கோள் ஒன்று வெடித்துச் சிதறிய துண்டுகளாக இருக்குமோ என்று கேட்டார் ஓல்பர்ஸ்.

இன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் ஓல்பர்ஸ் கேள்வியோடு நிற்கவில்லை. ஓரிடத்தில் வெடித்துச் சிதறியவை ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தைக் கடந்தாக வேண்டும். ஆகவே இரு பாதைகளும் நெருங்கும் திசைகளில் காவல் இருந்தால் மற்றத் துண்டுகளும் சிக்கும் என்றார். கன்னி விண்மீன் கூட்டம் அதில் ஒன்று. 1804இல் ஹார்டிங் ஜூனோவைக் கண்டார். 1807 மார்ச்சில் ஓல்பர்ஸே கன்னியில் வெஸ்டாவைப் பிடித்தார். தப்பான கணிப்பு சரியான பொருளைக் கையில் கொண்டுவந்து கொடுத்தது. அறிவியலில் இப்படியும் நடக்கும்.

பிறகு கணிப்பு பொய்த்தது. 1845க்குப் பிறகு இத்தகைய சிறுகோள்கள் வரிசையாக அகப்பட்டன. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து 1861 ஏப்ரலில் நார்மன் பாக்சன் ஒன்றைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். 1885க்குள் சென்னையிலிருந்து மட்டும் ஐந்து. இப்படி எண்ணிக்கை கூடக்கூட, பாதைகள் ஒரு புள்ளியில் கூடுவதாகத் தெரியவில்லை. 1860இலேயே அமெரிக்க வானியலர் சைமன் நியூகோம் அவற்றின் பாதைகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். ஒரே வெடிப்பில் பிறந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை.

எடையும் இடித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்கள் இப்போது நம் பட்டியலில் இருக்கின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் உள்ள அத்தனையையும் அள்ளித் தராசில் போட்டாலும் நம் நிலவின் எடையில் சுமார் 3 சதவீதம்தான் தேறும். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரிஸ் ஒன்றே. பானை உடைந்தால் ஓடுகளைக் கூட்டிப் பொறுக்கும்போது பானையின் எடை வர வேண்டும். இங்கே பானை கிடக்கட்டும், அகல் விளக்குக்கே காணாது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கோள் ஏன் சாகவில்லை? ஒவ்வொரு காலமும் தன் பயத்துக்குத் தகுந்தபடி அதை மறுபடி உடைத்துக்கொண்டது என்பது என் எண்ணம். ஓல்பர்ஸுக்கு வெடிப்பு ஓர் இயந்திரவியல் கணக்கு; அதில் நீதி எதுவும் இல்லை. 1945இல் ஹிரோஷிமாவுக்குப் பிறகு கதையின் தொனியே மாறிவிட்டது. அந்தக் கோளில் மனிதரைப் போன்றவர்கள் இருந்தார்கள், அணுப்போரில் தங்கள் வீட்டையே கொளுத்திக்கொண்டார்கள் என்று எழுதத் தொடங்கினார்கள். 1949இல் சோவியத் வானியலர் ஓர்லோவ் அதற்கு ஃபேட்டன் என்று பெயரிட்டார். சூரியனின் தேரை ஓட்டத் தெரியாமல் ஓட்டி மாண்ட கிரேக்கப் புராணப் பையனின் பெயர். அலெக்சாந்தர் கசந்த்சேவ் அந்தக் கோளின் மக்களை வைத்து நாவலே எழுதினார். நாவலை நாவலாகப் படித்தவரை யாருக்கும் நஷ்டமில்லை.

1976இல் செக்காரியா சிட்சின் வந்தார். சுமேரியக் களிமண் பலகைகளில் நிபிரு என்ற கோள் இருக்கிறது, அது 3,600 ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகிறது, தியாமத் என்ற கோளை இடித்து உடைத்ததும் நிபிருவின் நிலவுகள்தான், பாதி பூமியானது, மீதி சிறுகோள்கள் ஆனது என்றார். அந்த எழுத்தைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட அறிஞர்கள் அவர் வாசிப்பை ஏற்கவில்லை. பாபிலோனியர் நிபிரு என்ற பெயரைப் பெரும்பாலும் வியாழனோடுதான் சேர்த்துச் சொன்னார்கள். ஆனால் புத்தகம் விற்றது. பிறகு நிபிரு பூமியை இடிக்க வருகிறது என்று வேறு சிலர் தேதி குறித்தார்கள்: 2003, அது தவறியதும் 2012, அதுவும் தவறியதும் 2017 செப்டம்பர் 23. வராததற்குக் காரணம் அரசுகள் மறைக்கின்றனவாம். கோளை எப்படி ஐயா மறைப்பது? மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருக்கும் பள்ளி ஆசிரியர்களையும் சேர்த்தா? வைஸ் விண்தொலைநோக்கியின் தரவுகளை அலசிய கெவின் லூமன் 2014இல் அறிவித்த முடிவு இது: சூரியனிலிருந்து பூமி உள்ள தூரத்தைப்போல் 10,000 மடங்கு வரை சனி அளவுள்ள எதுவும் தென்படவில்லை.

சிட்சினோடு டாம் வான் ஃபிளாண்டர்னையும் ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமில்லை. அவர் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் வேலை பார்த்த, கோள்களின் இயக்கக் கணக்கில் தேர்ந்தவர். அவருக்கு முன்பே மைக்கேல் ஓவண்டன் 1972இல், பூமியைப் போல் 90 மடங்கு எடையுள்ள கோள் ஒன்று 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தது என்று நேச்சர் இதழில் எழுதியிருந்தார். வான் ஃபிளாண்டர்ன் அதை எடுத்துக்கொண்டு, வால்வெள்ளிகளும் அந்த வெடிப்பில் பிறந்தவைதான் என்றார்; காலத்தை ஐம்பது லட்சம் ஆண்டுக்குக் கொண்டுவந்தார். எண் சொன்னார் அல்லவா, சோதிக்க முடிந்தது. விண்கற்களிலிருந்தே பதில் வந்தது. விண்வெளியில் வெறும் துண்டாகத் திரியும் கல்லின்மீது காஸ்மிக் கதிர்கள் பட்டுக்கொண்டே இருக்கும். அது விட்டுச்செல்லும் தடயத்தை அளந்தால், அந்தக் கல் எவ்வளவு காலமாகத் துண்டாகத் திரிகிறது என்று தெரியும். இரும்பு விண்கற்கள் பல, பத்துக் கோடிக் கணக்கான ஆண்டுகளாகத் திரிந்தவை. ஐம்பது லட்சம் ஆண்டுக்கு முன் உடைந்த பானைக்கு அதைவிடப் பழைய ஓடு எப்படி வரும்? போதாததற்கு, பூமி அளவுள்ள கோளைத் துண்டுகள் மறுபடி ஒட்டாதபடி சிதறடிக்க, சூரியன் ஏறக்குறைய ஒரு வாரம் முழுக்கக் கொட்டும் ஆற்றல் தேவை. அதற்கான வெடிமருந்து கோளுக்குள் எங்கிருந்தது என்பதற்கு ஒப்புக்கொள்ளும்படியான பதில் வரவில்லை. கடைசிக் காலத்தில் அவர் செவ்வாயின் மனித முகம் என்று சொல்லப்பட்ட குன்றைச் செயற்கைச் சின்னம் என்று வாதாடிக்கொண்டிருந்தார். கணக்கில் தேர்ந்தவருக்கு நேர்ந்த கதி வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, 28இல் என்னதான் நடந்தது? பானை உடையவில்லை, வனையப்படவே இல்லை. சக்கரத்தில் மண் இருந்தது. பக்கத்தில் நின்ற வியாழன் தன் ஈர்ப்பால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தது. மெதுவாக மோதியிருந்தால் ஒட்டியிருக்கும் கற்கள் வேகமாக மோதி நொறுங்கின, பெரும்பகுதி வெளியே வீசப்பட்டது. வியாழனின் கைவரிசையை டேனியல் கிர்க்வுட் 1866இலேயே சுட்டிக்காட்டினார்: பட்டையில் சில தூரங்களில் சிறுகோள்களே இல்லை, அந்தத் தூரங்களில் ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் வியாழனின் சுற்றுக்காலத்தோடு எளிய விகிதத்தில் அமையும். 28 என்ற அந்த அழகான எண்ணும் பின்னால் காலை வாரியது. 1846இல் கண்ட நெப்டியூனுக்குக் கணக்கு 388 என்றது. கோள் 300இல் நிற்கிறது.

தொலைந்த கோள்களே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. 2008 அக்டோபர் 7 அன்று சூடானின் நூபியப் பாலைவனத்துக்கு மேலே ஒரு சிறுகோள் சிதறியது. மணலில் பொறுக்கிய கற்களில் பொடிப்பொடியாக வைரம் இருந்தது. அந்த வைரத்துக்குள் சிக்கியிருந்த துணுக்குகளை ஆராய்ந்தவர்கள், புதனுக்கும் செவ்வாய்க்கும் இடைப்பட்ட அளவுள்ள ஒரு கோளின் வயிற்றுக்குள்தான் அப்படி வைரம் விளையும் அழுத்தம் இருக்கும் என்று 2018இல் எழுதினார்கள். சூரிய மண்டலத்தின் முதல் சில கோடி ஆண்டுகளில் இருந்து, மோதி அழிந்த கோள். நகரமும் இல்லை, போரும் இல்லை. ஆனால் கையில் கல் இருக்கிறது. இதையும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள், கல்லை வைத்துக்கொண்டே மறுக்கிறார்கள்.

ஓல்பர்ஸின் வெஸ்டாவை 2011இல் டான் விண்கலம் நெருங்கிப் பார்த்தது. அது எந்தக் கோளின் சில்லும் அல்ல. இரும்பு உள்ளகமும் எரிமலைப் பாறை மேலோடும் கொண்ட, பாதியில் நின்றுபோன குட்டிக் கோள். 1994இல் ராஜஸ்தானின் லோஹாவத்தில் விழுந்த கல் அதன் உறவுதான் என்று சொல்கிறது கல்லின் கலவை. பூமிக்கு நெருங்கி வரும் சில ஆண்டுகளில், விளக்கொளி இல்லாத ஊரில், இருக்குமிடம் தெரிந்தால் வெஸ்டாவை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.