100 பகடை வேண்டாம்

மேஜையைச் சுற்றி ஐந்து பேர். ஒருவர் மட்டும் பகடையை உருட்டிக்கொண்டே இருக்கிறார். மற்ற நால்வரும் தேநீர் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வகை விளையாட்டுகளில் அடிக்கடி நேரும் விபத்து இது. நால்வருக்கும் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன் என்று. அரசன் முதல் அரக்கன் வரை மீதி உலகம் முழுவதும் நடுவரின் பொறுப்பு. 60 காப்ளின்கள் கோட்டையைத் தாக்கி 40 காவலர்கள் எதிர்த்து நின்றால், இரு தரப்பும் அவர்தான். தன்னோடு தானே போரிடும் மனிதரை எவ்வளவு நேரம் வேடிக்கை பார்ப்பது?

விதிப்படி ஒரு சுற்றுக்கு 100 தாக்குதல்கள். ஒவ்வொன்றுக்கும் 20 முகப் பகடை உருள வேண்டும். அடி பட்டால் காயத்தின் அளவுக்கு இன்னொரு பகடை. ஓர் உருட்டலுக்கு 10 விநாடிதான் என்றாலும் கால் மணி நேரம் காலி. கதைக்குள் கடந்திருப்பதோ 6 விநாடி.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டம் பிறந்ததே போர் விளையாட்டின் வயிற்றில். 1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' ஆட்டத்தின் பெரும் போர்களில் ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம். 1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தபோது கவனம் தனி மனிதன் மேல் திரும்பியது. கதை கிடைத்தது, படை நடத்தும் சுலபம் போயிற்று.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் நடுவர் கையேட்டில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அடி படப் பகடையில் 6 முதல் 12-க்குள் ஓர் எண் தேவை என்றால், இருவர் தாக்கினால் ஓர் அடி. 13 அல்லது 14 என்றால் மூவருக்கு ஓர் அடி. 20-தான் வேண்டும் என்றால் 20 பேருக்கு ஒன்று. அந்தப் பதிப்பில் காப்ளினுக்கும் காவலனுக்கும் தேவைப்படுவது 12. ஆக, 60 காப்ளின்களுக்கு 30 அடி. அடிக்குச் சராசரி 5 வீதம் 150. காவலனின் உயிர்ப்புள்ளி 11. எனவே 13 பேர் விழுகிறார்கள். பதிலுக்கு 20 அடி, 4 வீதம் 80. காப்ளினுக்கு 7 புள்ளி, 11 பேர் காலி. பகடையே உருளவில்லை. ஒரு நிமிடத்தில் சுற்று முடிந்தது.

ஆனால் வெறும் சராசரி, ஆட்டக்காரர்களைச் செயலற்றவர்களாக்கிவிடும். இங்கே கைகொடுப்பவர் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர். 1916-ல் விமானப் போர் பற்றி எழுதிய நூலில் அவர் விளக்கிய கணக்கு எளிமையானது. சம திறமையுள்ள 60 பேரும் 40 பேரும், எல்லோரும் எல்லோரையும் தாக்கக்கூடிய திறந்தவெளியில் மோதினால், பெரிய படையில் சுமார் 45 பேர் மிஞ்சுவார்கள் (3,600-லிருந்து 1,600 போக, மீதியின் வர்க்கமூலம்). குறுகிய வாசலில் ஒருவருக்கு ஒருவராக மோதினால் மிஞ்சுவது 20 பேர்தான். அந்த 25 காப்ளின்களின் வித்தியாசம்தான் ஆட்டக்காரர்களின் வேலை. வெளிவாசலை அடைப்பதா, பாலத்தை எரிப்பதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். எந்தக் கணக்கைப் போடுவது என்பதை அந்த முடிவே தீர்மானிக்கும்.

கணக்கே வேண்டாம், நடுவர் சொல்வதே முடிவு என்பாரும் உண்டு. பழைய வாதம் இது. பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் 1824-ல் வகுத்த போர் விளையாட்டில் அட்டவணைகளும் பகடைகளும் மலிந்திருந்தன. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி அவற்றை ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை முன்வைத்தார். ராணுவத்தில் அது எடுபடலாம். அங்கே நடுவர் பெரும்பாலும் மேலதிகாரி. நண்பர்கள் கூடும் மேஜையில், கோட்டை விழுந்ததும் "நீ முன்பே முடிவு செய்துவிட்டாய்" என்ற முணுமுணுப்பு எழும். எல்லோர் கண்ணெதிரிலும் உருளும் ஒற்றைப் பகடை அந்தச் சந்தேகத்துக்கு இடம் தராது.

சராசரியால் தீராத கேள்வி ஒன்றும் உண்டு. செத்த 13 பேர் யார் யார்? போன வாரம் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகக் கதவைத் திறந்துவிட்ட கிழட்டுக் காவலனும் அந்த 40 பேரில் ஒருவன். அவனுக்கு மட்டும் தனியாக ஒரு பகடை உருள வேண்டும். உருட்டுவது நடுவராக இருக்கக் கூடாது, அவன் திறந்த கதவு வழியாகத் தப்பியவராக இருக்க வேண்டும்.