அண்ணாந்து பார்த்தது போதும்

வடகொரியாவின் ராக்கெட் விழும்போதெல்லாம் நம்மாட்களில் இரண்டு கோஷ்டி கிளம்பிவிடுகிறது. ஒன்று கைகொட்டிச் சிரிக்கும். தலைவரின் தொப்பை, தலைமுடி, நடுவானில் சிதறிய குழாய், எல்லாமே அதற்கு நையாண்டிதான். இன்னொன்று முஷ்டி உயர்த்தும். ஏகாதிபத்தியத்துக்குப் பணியாத சின்ன நாடு, அதற்கு வானம் கூடாதா என்று கேட்கும். 2024 மே 27 இரவு உளவு செயற்கைக்கோளோடு கிளம்பிய ராக்கெட் முதல் கட்டத்திலேயே வெடித்தது. அப்போதும் இரண்டு கோஷ்டியும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு இரண்டு பேரோடும் சண்டை இருக்கிறது.

முதலில் சிரிக்கிறவர்களுக்கு. ராக்கெட் விழாத நாடு எது? அமெரிக்காவின் வான்கார்டு 1957 டிசம்பரில் சில அடி மட்டுமே எழும்பி ஏவுதளத்திலேயே விழுந்து வெடித்தது. இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 1979இல் வங்கக் கடலில் விழுந்தது. இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. 1950 முதல் 1953 வரை அந்த மண்ணின்மேல் அமெரிக்கா ஆறு லட்சம் டன்னுக்கு மேல் குண்டு கொட்டியது. ஊர் ஊராக எரித்தது. அந்தச் சனத்தைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

2012 பிப்ரவரி 29 அன்று ஒரு ஒப்பந்தம் வெளியானது. வடகொரியா ஏவுகணைச் சோதனையை நிறுத்திவைக்கும். அமெரிக்கா 2,40,000 டன் ஊட்டச்சத்து உணவு கொடுக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்று சொன்ன உணவு அது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, கிம் இல் சுங்கின் நூற்றாண்டுக்குச் செயற்கைக்கோள் விடுவோம் என்று வடகொரியா அறிவித்தது. அமெரிக்கா உணவை நிறுத்தியது. ஏப்ரல் 13 காலையில் ராக்கெட் கிளம்பி ஓரிரு நிமிடத்தில் உடைந்து மஞ்சள் கடலில் விழுந்தது. ராக்கெட் விட்டது தலைமை. தட்டு பறிபோனது பிள்ளைக்கு. மனித உரிமை பேசும் வல்லரசும் பிள்ளையின் சோற்றைத்தான் பணயம் வைத்தது.

இனி முஷ்டி உயர்த்தும் தோழர்களுக்கு. ஏப்ரல் 13 தோல்வியை அந்த அரசே தொலைக்காட்சியில் ஒத்துக்கொண்டது, பார்த்தீர்களா அதன் நேர்மையை என்கிறீர்கள். அதற்கு முந்திய கதை? 1998 ஆகஸ்ட் 31 அன்று விட்டது சுற்றுப்பாதையை எட்டவேயில்லை. ஆனால் அது வானில் சுற்றுகிறது, தலைவர்களைப் புகழும் பாட்டை ஒலிபரப்புகிறது என்று அரசு சொன்னது. அந்தப் பாட்டை உலகத்தில் ஒருத்தர் காதிலும் விழவில்லை. 2009இலும் இதே கதைதான். 2012இல் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்களை அவர்களே கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். மறைக்க வழியில்லை. ஒத்துக்கொண்டார்கள்.

1998இல் அது கிளம்பிய இடம் முசுதான்-ரி. வடக்கு ஹாம்கியோங் மாகாணம். 1990களின் நடுவில் பஞ்சம் வந்தபோது ரேஷன் முதலில் அறுபட்ட வடகிழக்கில்தான் அந்த மாகாணம் இருக்கிறது. செத்தவர்கள் ஆறு லட்சத்திலிருந்து பத்து லட்சம் என்று ஆய்வாளர்கள் பலர் கணிக்கிறார்கள். அதற்கும் மேலே சொல்கிறவர்களும் உண்டு. சோவியத் உதவி நின்றது நிஜம். 1995இல் பெருவெள்ளம் வந்ததும் நிஜம். ஆனால் இருக்கிற சோறு யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பதை வெள்ளமா தீர்மானித்தது?

தீர்மானித்ததில் பெரும்பங்கு ஒரு கோப்புக்கு உண்டு. அதன் பெயர் சோங்புன். சனங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: நம்பகமானவர், ஊசலாடுபவர், பகைவர். அதற்குள்ளே ஐம்பத்தோரு உட்பிரிவு. உன் தாத்தா நிலக்கிழாரா, கிறிஸ்தவரா, ஜப்பான்காரனிடம் வேலை பார்த்தாரா, சொந்தத்தில் யாராவது தெற்கே ஓடினார்களா, இதெல்லாம் கோப்பில் இருக்கு. பேரன் பிறந்ததும் அது அவன்மேல் விழும். எந்தக் கல்லூரி, எந்த வேலை, தலைநகர் பியாங்யாங்கில் குடியிருக்கலாமா, யார் பெண் கொடுப்பார்கள் என்பது வரைக்கும் அதன் கை நீளும். பகை முத்திரை விழுந்த குடும்பங்கள் பலவற்றை வடகிழக்கு மலைப் பக்கம் ஓட்டினார்கள். பிறகு ரேஷன் அறுந்ததும் அதே பக்கத்தில். 2014இல் மைக்கேல் கிர்பி தலைமையிலான ஐ.நா. விசாரணை ஆணையம் இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவைத்தது. அரசு மறுக்கிறது. குடிமக்கள் எல்லோரும் சமம் என்று அந்நாட்டு அரசியல் சட்டத்திலும் எழுதித்தான் இருக்கு!

இது சாதி என்று நான் சொல்லவில்லை. இதில் தீட்டு கிடையாது, சாஸ்திரம் கிடையாது. அரசாங்கம் நம் காலத்தில் உட்கார்ந்து செய்த ஏணி இது. ஆனால் பிறப்பை வைத்து மனுசனைப் படியில் நிறுத்துகிற எதுவும் நம் கண்ணுக்குத் தப்பக்கூடாது. சிவப்புத் துணி போர்த்தி வந்தாலும் தப்பக்கூடாது. நிலக்கிழாரை ஒழித்த புரட்சி நிலக்கிழாரின் பேத்தியை மூன்றாம் வரிசையில் நிறுத்துமானால் அதற்குப் புரட்சி என்ற பேர் எதற்கு?

நான் வங்கியில் பேரேடு பார்த்துப் பிழைக்கிறவன். ஒரு பக்கம் பற்று எழுதினால் எதிர்ப்பக்கம் யார் கணக்கு என்று கேட்டுத்தான் பழக்கம். 2023 மே 31 ராக்கெட் விழுந்தது. அடுத்த மாதமே கட்சிக் கூட்டத்தில் பொறுப்பான அதிகாரிகளை வறுத்தெடுத்தார்கள் என்று அரசுச் செய்தி நிறுவனமே சொன்னது. ஆகஸ்டிலும் விழுந்தது. நவம்பர் 21 அன்று மேலே போய்ச் சேர்ந்தது, கொண்டாடினார்கள். மக்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஊட்டச்சத்துக் குறைவு என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு கணித்ததும் இந்த வருஷங்களில்தான். ராக்கெட் விழுந்தாலும் ஏறினாலும் அந்தப் பக்கத்துக் கணக்கு நேராகவில்லையே, தோழர்.

பொருளாதாரத் தடையை எதிர்ப்போம். அது கீழே இருக்கிறவன் வயிற்றில்தான் முதலில் அடிக்கும். வல்லரசுகள் வானத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வதையும் எதிர்ப்போம். ஆனால் நம் தோழமை அந்த அரசுக்குக் கிடையாது, கோப்பில் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்குத்தான்.

நாளைக்கே அங்கே இன்னொரு ராக்கெட் ஏறலாம், விழலாம். யாராவது வந்து உன் கருத்தென்ன என்று கேட்டால், எதிர்க்கேள்வி கேளுங்கள்: வடக்கு ஹாம்கியோங்கில் இந்த மாசம் ரேஷன் போட்டாச்சா? சோங்புன் கோப்பை எரிச்சாச்சா?