வெள்ளம் கொண்டுபோன பசுவுக்குச் சான்று எது?

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்த ஸ்ரீவராகத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பால் என்பது விடியற்காலையில் கடையிலிருந்து வரும் உறை. கோடை விடுமுறையில் நெல்லைக்கோ தூத்துக்குடிக்கோ தாத்தா வீட்டுக்குச் செல்லும்போதுதான், பாலுக்குப் பின்னால் ஒரு தொழுவமும் அத்தொழுவத்தை நம்பிய ஒரு குடும்பமும் இருப்பது தெரியவரும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் அத்தகைய தொழுவங்கள் பல நீரில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதை நாடே அறிந்தது; பயணிகளும் மீட்கப்பட்டனர். கயிற்றில் கட்டுண்டு நின்ற மாடுகளைப் பற்றி அந்த அளவுக்கு எவரும் பேசவில்லை.

அரசு வாளாவிருந்தது என்று கூறுவது நேர்மையாகாது. இறந்த பசு, எருமைகளுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் தமிழ்நாடு அரசு அறிவித்தது. முன்னர் இத்தொகை முறையே 30,000, 3,000 ரூபாயாக இருந்தது. நல்ல கறவைப் பசுவின் சந்தை விலை இன்றும் இதைவிட மிகுதியே. எனினும், எல்லாம் இழந்த வீட்டுக்கு இது பெருந்துணை. பேரிடர் நிவாரண விதிகள் குடும்பத்துக்கு மூன்று கறவை மாடுகள் என வரம்பு வைத்திருப்பதும் சிறு விவசாயியைப் பெரிதும் பாதிப்பதில்லை.

சிக்கல் தொகையில் இல்லை, சான்றில் இருக்கிறது. இழப்பு உண்மையென உரிய அலுவலர் சான்றளித்தால்தான் பணம் கிடைக்கும். மாட்டின் உடல் தொழுவத்தில் கிடந்தால் அது எளிது. ஆறு அடித்துச் சென்ற பசுவை எங்கே காட்டுவது? இரவில் மூன்று மாடுகளைக் கட்டியவரிடம் விடிந்தபின் மூன்று முளைக்குச்சிகளே எஞ்சியிருக்கும். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுத்தால் இல்லாத மாடுகளும் வெள்ளத்தில் போகும் என்பர் அலுவலர்கள். அந்த அச்சமும் வீணன்று. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும்.

ஆகவே, இறந்தவற்றை வெள்ளத்துக்குப் பின் தேடுவதைவிட, உயிரோடிருப்பவற்றை வெள்ளத்துக்கு முன் எண்ணி வைப்பதே முறை. அதற்கான கருவி ஏற்கெனவே மாட்டின் காதில் தொங்குகிறது. கோமாரி நோய்த் தடுப்பூசி போடும்போது பொருத்தப்படும் மஞ்சள் நிறக் காதுவில்லையில் 12 இலக்க எண் உண்டு. அந்த எண்ணோடு உரிமையாளர் விவரமும் அரசின் கணினிப் பதிவேட்டில் ஏறுகிறது. உடல் கிடைக்காதபோது, அப்பதிவையும் ஊரார் வாக்குமூலத்தையும் சேர்த்துச் சான்றாக ஏற்க வேண்டும். வில்லை அறுந்து விழுவதுண்டு. விற்ற மாடு பழைய பெயரிலேயே நிற்பதுமுண்டு. மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் ஒருமுறை பதிவேட்டைச் சரிபார்த்தால் இக்குறைகள் பெருமளவு தீரும்.

இதில் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த விடுமுறையில் தாத்தாவின் பசுக்களுடைய காதுவில்லை எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வரலாம். அக்குறிப்பேடு ஸ்ரீவராகத்து வீட்டிலேயே இருக்கட்டும். தாமிரபரணி இவ்வளவு தூரம் வராது.