இழுத்து வர ஒரு கப்பல் இல்லை!

"அச்சுவேலியார்க்குக் கப்பல் எதற்கு? வெங்காயமும் புகையிலையும் விளைகின்ற செம்மண்ணில் இருந்துகொண்டு கடற்படைக்குப் புத்தி சொல்லப் புறப்படுவானேன்?" என வினவுவோர் நம்முள்ளும் உளர். அவர்கட்கு ஒன்று கூறுவோம். எங்கள் சந்தைக்கு மீன் வளலாயிலிருந்தும் தொண்டைமானாற்றிலிருந்தும் வருகின்றது, ஆகாயத்திலிருந்து விழுவதன்று. அக்கடல் கெட்டால் அச்சுவேலியின் அடுப்பும் கெடும்.

2025-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் கேரளக் கரைக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கிற்று. சில வாரங்களுக்குள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரைகளிலும் பிளாஸ்டிக் மணிகள் வந்து ஒதுங்கின. அக்கப்பலிலிருந்து வந்தவையே அவை என்று கடல்சார் சூழலைக் காக்கும் அதிகாரிகளே கருதினர். கொச்சிக்கு அப்பால் மூழ்கிய கப்பலின் குப்பை எம் முற்றத்துக்கு வருமாயின், எம் கடலிலேயே ஒரு கப்பல் எரிந்தால் என்ன நேரும்?

என்ன நேரும் என்பதை மேற்குக் கரை மீனவரைக் கேளுங்கள். 2021 மே 20-இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' தீப்பற்றியது. 1,486 கொள்கலன்கள், அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலம். அமிலம் கசிவது முன்னரே அறியப்பட்டிருந்தும் கத்தாரின் ஹமாட் துறைமுகமும் இந்தியாவின் ஹசிராத் துறைமுகமும் அப்பெட்டியை இறக்க இணங்கவில்லை. தீயணைக்க இந்தியக் கரையோரக் காவற்படை வந்தது. அந்நிய மீட்புக் கம்பனி வந்தது. ஜூன் 2-இல் கப்பலை ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது அதன் பின்புறம் கடலடியில் முட்டி நின்றது. பின்னர் நடந்ததை நாடு அறியும். ஆமைகள் செத்து ஒதுங்கின. மணலெல்லாம் பிளாஸ்டிக் மணிகள். மீன்பிடி தடுக்கப்பட்ட குடும்பங்கள் தெருவில் நின்றன.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னரே, 2020 செப்டெம்பர் 3-இல், கிழக்கே சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' எரிந்தது. அதன் வயிற்றில் 2,70,000 தொன் மசகெண்ணெய்! அம்பாந்தோட்டைத் துறைமுகத்து இழுவைக் கப்பல்கள் ஓடின. எம் கடற்படையினரும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தனர். அவர்தம் துணிவை யாம் குறைகூறோம். எனினும், இறுதியில் அக்கப்பலை இழுத்துச் சென்றது வெளிநாட்டுக் கம்பனியின் இழுவைக் கப்பலே. ஆட்சியாளருக்கு இந்த முதற் பாடம் போதவில்லை.

இலங்கை பொறுப்பேற்றுள்ள தேடல் மீட்புக் கடற்பரப்பு இத்தீவின் நிலப்பரப்பைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு. தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே நாள்தோறும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் செல்கின்றன. இவ்வளவு கடலுக்கும் காவல் நிற்கும் கடற்படையிடம், இயந்திரம் நின்ற பெருங்கப்பலுக்கு வடம் போட்டு இழுக்கவும், நுரை பாய்ச்சித் தீயணைக்கவும், சுழியோடிகளை இறக்கி ஓட்டையை அடைக்கவும், உள்ளே புகுந்த நீரை இறைக்கவும் என்றே கட்டப்பட்ட ஆழ்கடற் கப்பல் எங்கே?

வேறு கப்பல்கள் உள. 'சமுதுர' 1968-இல் அமெரிக்காவிற் பணியேற்றது. 2018-இல் கைமாறிய 'கஜபாகு'வும் அதே 1968-ஆம் ஆண்டுக் கப்பல். 2021-இல் கிடைத்த 'விஜயபாகு' 1971-ஆம் ஆண்டினது. அரை நூற்றாண்டு உழைத்து ஓய்ந்தவற்றைப் பரிசாகப் பெற்று, வர்ணம் பூசி, பண்டை மன்னர் பெயரிட்டு மேளதாளத்தோடு வரவேற்கின்றோம். அவற்றைக் கொடுத்த அமெரிக்காவோ தன் பழைய இழுவைக் கப்பல்களுக்கும் மீட்புக் கப்பல்களுக்கும் பதிலாக 'நவாஹோ' வகைப் புதுக்கப்பல்களைத் தனக்கெனக் கட்டிக்கொள்கின்றது. கொடுப்பவனுக்குத் தெரிகின்றது எது இன்றியமையாதது என்று!

"அயல்நாடு உதவிக்கு வருமே" என்பர். வந்தது, நன்றி. ஆனால் எரியும் கப்பல் உறவினர் வருகைக்குக் காத்திராது. 1978 மார்ச்சில் பிரான்சின் பிரித்தானிக் கரையில் 'அமோகோ காடிஸ்' சுக்கான் பழுதாகித் தத்தளித்தபோது, உதவிக்கு வந்த இழுவைக் கப்பலோடு ஒப்பந்தம் பேசுவதில் நேரம் கழிந்தது, வடமும் அறுந்தது, இரண்டு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கடலிற் கலந்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு அரசு பிரெஸ்ற் துறைமுகத்தில் வலிய இழுவைக் கப்பலொன்றை இரவும் பகலும் ஆயத்தமாய் நிறுத்திற்று. அவர்கள் ஒரு முறை பட்டுத் தெளிந்தார்கள். நாம் இரு முறை பட்டும் தெளிந்திலோம்.

"2022-இல் வங்குரோத்தான நாட்டில் பணம் ஏது?" என்பது அடுத்த சாட்டு. 'பேர்ள்' அழிவுக்கு நூறு கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2025 ஜூலையிற் கட்டளையிட்டது; கம்பனியோ செலுத்த மறுத்தது. வராத பணத்துக்கு வழக்காடுவதிலும் ஒரு கப்பல் வாங்குவது மலிவன்றோ? வாங்கவும் வேண்டுமோ? ஆழ்கடலில் எண்ணெய் மேடைகளை இழுத்து நங்கூரமிடும் வலிய கப்பல்களைக் கொழும்புக் கப்பற்றளம் பிறநாட்டுக் கம்பனிகளுக்குக் கட்டிக் கொடுத்திருக்கின்றது. ஊராருக்கு ஓடம் செய்யும் தச்சன் வீட்டில் துடுப்பும் இல்லை!

வடபுலத்தின் கதை இன்னும் மோசம். காங்கேசன்துறையில் மூழ்கிக் கிடந்த ஆறு கப்பற் சிதைவுகளை 2011-12-இல் அகற்றித் தந்ததும் இந்தியாவே. இன்று எம் கரையில் கடற்படையின் இழுவைத் தொழில் யாதெனில், பிடிபட்ட தமிழகத்து இழுவைப்படகுகளைக் கட்டியிழுத்து வந்து சேர்ப்பது. அவை மயிலிட்டித் துறைமுகத்தில் உக்கிக் கிடக்க, எம்மவர் படகு கட்ட இடமின்றி நிற்கின்றனர். அப்படகுகள் எம் வலையை அறுத்தவை என்பதை யாம் மறந்தோமல்லோம். அதற்காக எம் துறையையே அவற்றின் சுடலையாக்குவதா?

ஆதலின் வரும் வரவுசெலவுத் திட்டத்திலேயே இரு மீட்பு இழுவைக் கப்பல்களுக்குப் பணம் ஒதுக்கப்படல் வேண்டும். கொழும்பில் ஒன்று நிற்கட்டும். மற்றையது திருகோணமலையில் நின்று, மாரிப் பருவத்தில் காங்கேசன்துறைவரை வந்து போகட்டும். வடகடலில் அபாயக் குரல் எழுப்பும் மீனவன் தமிழிலேயே எழுப்புவான். அக்குரல் விளங்கும் இளைஞர் அக்கப்பலில் மாலுமிகளாய் இருத்தல் வேண்டும். 1987-இல் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பதின்மூன்றாம் திருத்தம் கரையோடு நின்றுவிடலாகாது. எம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் இதனைக் கேட்பார்களா? கேட்கும் நாளையும், அதற்கு அமைச்சர் அளிக்கும் விடையையும் இப்பக்கத்திலேயே வெளியிடக் காத்திருக்கின்றோம்.