ஒரு மண்டலம் போதுமா?

சூரணம் எழுதிக் கொடுத்தால், "எத்தனை வேளை சாப்பிடணும் டாக்டர்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், "தினமும் கால் மணி நேரம் மூச்சுப் பயிற்சி பண்ணுங்க" என்று சொன்னாலும், "எத்தனை நாள் பண்ணணும்?" என்று கேட்கிறீர்களே... இங்கேதான் எனக்கும் உங்களுக்கும் ஒரு சின்னச் சண்டை!

மருந்துக்கு முடிவு தேதி உண்டு. பல் தேய்ப்பதற்கு உண்டா? பயிற்சியும் அந்த ஜாதிதான். அதை மாத்திரை மாதிரி ஒரு 'கோர்ஸ்' என்று நினைப்பதால்தான், ஜனவரி 1-ம் தேதி வாங்கிய யோகா பாய் பொங்கலுக்குள் பரணுக்குப் போய்விடுகிறது.

"எங்க பாட்டி ஒரு மண்டலம்னு சொல்வாங்களே?" என்பீர்கள். உண்மைதான். 48 நாள் என்பது மருந்துக்கும் விரதத்துக்கும் பெரியவர்கள் வகுத்த கணக்கு. "21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும்" என்று இன்னொரு கணக்கும் உலவுகிறது. இதற்கு மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகம். ஆபரேஷன் முடிந்த நோயாளிகளுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். 'குறைந்தது' என்ற வார்த்தையை வழியிலேயே யாரோ தொலைத்துவிட்டார்கள்!

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 84 நாட்கள் கவனித்து, 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புதுப் பழக்கம் ஒன்று யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு ஊறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் என்று கண்டார்கள். ஒருவருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது. இன்னொருவருக்கு 254 நாள் பிடிக்கும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது போன்ற பழக்கம் சீக்கிரம் வந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆனது. ஆக, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு மாதத்தில் வந்தது உங்களுக்கு வரவில்லை என்றால், உங்களிடம் குறை எதுவும் இல்லை. அதே ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் ஏற்படவில்லையாம்!

கை கற்றுக்கொள்ளும் பாடம்

எங்கள் படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடி பார்க்கும்போது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைக்கிறோம். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். வாத நாடி அன்னம், மயில் போல நடக்கும். பித்தம் ஆமை, அட்டை போல ஊரும். கபம் பாம்பு, தவளை போல அசையும். இதை மனப்பாடம் செய்ய ஒரு ராத்திரி போதும். ஆனால் விரலுக்குத் தெரியவேண்டுமே! மாணவனாக இருந்தபோது தினமும் ஓ.பி.யில் கை கையாகப் பிடித்துப் பார்ப்போம். எல்லாம் ஒரே 'டிக் டிக்' மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் ஆசிரியர் நின்று, "அழுத்தாதே, விரலைத் தளர்த்து, இப்போ பார்" என்று திருத்துவார். அப்படித் திருத்தித் திருத்தித்தான் விரலுக்குக் கண் திறந்தது.

மருந்து செய்வதும் அப்படித்தான். கல்வத்தில் போட்டு நான்கு சாமம் அரைக்க வேண்டும் என்று நூல் சொன்னால், அது பன்னிரண்டு மணி நேரம். பக்குவமாக முடிந்த பற்பத்தை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் ரேகைக்குள் போய் உட்காரும். தண்ணீரில் தூவினால் மிதக்கும். கை வலிக்கிறதே என்று இரண்டு சாமத்தோடு நிறுத்தினால் யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆனால் அதைச் சாப்பிடப் போவது ஒரு நோயாளி. யாரும் பார்க்காதபோதும் மிச்சமிருக்கும் இரண்டு சாமத்தை அரைத்து முடிக்கிறானே, அந்த மனசுக்குப் பெயர்தான் ஒழுக்கம்.

திரும்பத் திரும்பச் செய்தாலே தேர்ச்சி வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். முப்பது வருஷமாகக் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம் வீட்டிலேயே இல்லையா? பெர்லினில் வயலின் படிக்கும் மாணவர்களை வைத்து ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியல் நிபுணரும் அவரது குழுவினரும் செய்த ஆய்வு 1993-ல் வந்தது. தனியாக உட்கார்ந்து, வராத இடத்தைக் கவனித்துத் திருத்திப் பயிற்சி செய்தவர்களே முன்னால் நின்றார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கவும் செய்தார்கள். பிள்ளைகளை ராத்திரி பன்னிரண்டு வரை படிக்க வைக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்!

படியைத் தாண்டாதீர்கள்

திருமூலர் யோகத்துக்கு எட்டு அங்கம் சொல்கிறார். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. வரிசையைப் பாருங்கள். செய்யக் கூடாததை விடுவது முதல் படி, செய்ய வேண்டியதைத் தவறாமல் செய்வது இரண்டாம் படி. ஆசனமே மூன்றாவதுதான். நாமோ நேராக மூன்றாம் மாடிக்கு ஏணி போடுகிறோம். விடியற்காலை கண்ணை மூடிப் பிராணாயாமம், எட்டு மணிக்கு மருமகள் மீது பாய்ச்சல், ராத்திரி ஒரு மணி வரை கையில் செல்போன். பிறகு, "டாக்டர், மனசு அமைதியாகவே இல்லை" என்றால் எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால், முதல் மாதம் ஆசனமே வேண்டாம். நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுங்கள். பசித்துச் சாப்பிடுங்கள். கோபம் வரும்போது ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுங்கள். இதுவே பெரிய யோகம்.

அம்மாவின் அரை மணி நேரம்

இந்த இடத்தில் வீட்டு ஆண்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் ஷூவை மாட்டிக்கொண்டு வாக்கிங் கிளம்பினால், வீடே வழிவிடுகிறது. உங்கள் மனைவி பாயை விரித்தால்? "காபி எங்கே?", "என் டிபன் பாக்ஸ் எங்கேம்மா?" என்று ஆளுக்கொரு குரல். "அவளுக்கு வில்பவர் பத்தாது டாக்டர்" என்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்லும் கணவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். ஐயா, குறை வில்பவரில் இல்லை. அவருக்கென்று அரை மணி நேரம் அந்த வீட்டில் இல்லை. தினமும் அந்த அரை மணி நேரம் காபியை நீங்கள் போடுங்கள். அது உங்களுக்கான பயிற்சி!

எச்சரிக்கையாக ஒன்று

பயிற்சி ஆரம்பித்த ஜோரில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் பரிசோதனை செய்து பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டியது. இதய நோய், அதிக ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் கும்பகத்தைப் புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்துச் செய்யவே கூடாது. நேரில் பார்த்துத் திருத்த ஒரு ஆசிரியர் வேண்டும்.

எப்படி ஆரம்பிப்பது? ஒரே ஒரு பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் போதும். ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு அதை முடிச்சுப் போடுங்கள். பல் தேய்த்ததும் என்றால் தினமும் பல் தேய்த்ததும்தான். இடத்தையும் மாற்றாதீர்கள். செய்து முடித்ததும் காலண்டரில் ஒரு பேனாப் புள்ளி. ஒரு நாள் விட்டுப்போச்சா? அழாதீர்கள், மறுநாள் உட்காருங்கள். இரண்டாவது நாளும் விடக்கூடாது, அவ்வளவுதான்.

புள்ளிகள் சேரச் சேர, ஒரு நாள் புள்ளி வைக்கவே மறந்துபோவீர்கள். ஆனால் பயிற்சி மட்டும் நடந்திருக்கும். அன்றைக்குச் சொல்லுங்கள், பழகிவிட்டது என்று!