கைலிக்கு ஊர் எது?

நம் கோயமுத்தூர்க் கடைவீதியில் 'பாலயக்காட் கைலி' என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவோர் பலர். சென்ற வாரம் வகுப்பில் மாணவன் ஒருவன், "ஐயா, அது பாலக்காட்டில் நெய்வதுதானே?" என்று வினவினான். கணவாயைத் தாண்டினால் பாலக்காடு. ஆகையால் அவன் ஊகத்தைக் குறை சொல்வதற்கில்லை. நானும் வெகுகாலம் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

உண்மையில் அப்பெயருக்கு உரிய ஊர், சென்னைக்கு வடக்கே கடலோரத்திலுள்ள பழவேற்காடு. போர்த்துகீசியர் நாவில் அது 'பலியகாத்' ஆயிற்று. 1610-ல் அங்கே வியாபாரம் தொடங்கிய ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், அதையே 'பலியகாட்டா' என்று எழுதினர். 1613-ல் கெல்ட்ரியா என்னும் கோட்டையையும் அமைத்தனர். ஜாதிக்காயும் கிராம்பும் விளையும் கீழ்த்திசைத் தீவுகளின் மக்கள், வெள்ளியைவிட நம் நாட்டுத் துணியையே பெரிதும் விரும்பினர். ஆகவே டச்சுக் கப்பல்கள் இங்கிருந்து துணியை ஏற்றிச் சென்று, அங்கே வாசனைச் சரக்குகளாக மாற்றிக்கொண்டன. மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலித் துணியை இன்றும் 'காயின் பெலிகாட்' என்கின்றனர். 'காயின்' என்றால் துணி. 'பெலிகாட்' நம் பழவேற்காடேயாம்.

கொடுத்ததோடு நாம் நிற்கவில்லை, கொண்டதும் உண்டு. நெல்லையிலும் ஈழத்திலும் கைலிக்கு வழங்கும் 'சாரம்' என்ற பெயர், உறை என்று பொருள்படும் மலாய்ச் சொல்லாகிய 'சாரோங்'கிலிருந்து வந்தது. டச்சு மொழியும் அச்சொல்லை ஏற்றுக்கொண்டது. நாம் நாள்தோறும் சொல்லும் 'துட்டு', டச்சுக்காரரின் செப்புக் காசாகிய 'டாய்ட்'டின் பெயரே.

இதைக் கேட்ட மாணவர் பெருமிதம் கொண்டனர், கொள்ளட்டும். ஆயினும் மற்றொன்றையும் அவர்களுக்குச் சொன்னேன். துணியை நெய்தவர்கள் உள்நாட்டு ஊர்களிலிருந்த நெசவாளர். பெயர் பெற்றதோ, துணி கப்பல் ஏறிய துறை. பஞ்சகாலத்தில் அதே துறையிலிருந்து நம் மக்களையும் அடிமைகளாக வாங்கி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியாவுக்கு டச்சுக் கம்பெனியார் ஏற்றிச் சென்றனர். துணியின் பெயர் கடல் கடந்தும் வாழ்கிறது. அம்மனிதர்களின் பெயரை எவர் அறிவார்?

இன்று ஈரோட்டுப் பக்கத்துத் தறியில் நெய்த கைலிக்கும் அப்பழைய பெயரைச் சொல்லி விற்பதுண்டு. அடுத்த முறை வாங்கும்போது, விலையை மட்டுமன்றி நெய்த ஊர் எது என்றும் கடைக்காரரைக் கேளுங்கள்.